பாடிய பிறகுதான் தண்ணீர்

எங்கள் பாட்டுகளில் அதிகம் பேர் கேட்ட பாட்டு ஒன்று உண்டு. அதில் ஒரு பெயரைக் கூப்பிடும் இடத்தில் ஒலி கிழிந்து கேட்கும். கீழே கமெண்ட் போடுகிறவர்கள் விடாமல் போடுகிறார்கள். மிக்ஸிங் சரியில்லை, மைக் தாங்கவில்லை, இவ்வளவு நல்ல பாட்டை இப்படிக் கெடுத்துவிட்டீர்களே, வேண்டுமானால் நானே சும்மா சரிசெய்து தருகிறேன் என்று. நல்ல மனசுதான். ஆனால் நாங்கள் சரிசெய்ய மாட்டோம். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் ராப் பாடும் மூன்று பேர். நான் பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவைத் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில் பிறந்தவள். எழுதுவதும் பாடுவதும் என் வேலை. என்னோடு பாடுகிறவன் கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே நமக்குக் கல்யாண வீட்டு ஞாபகம் வரும். பீட் செய்கிறவன் போத்தனூர்க்காரன், அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவன் வீட்டு மாடி அறைதான் எங்கள் ஸ்டுடியோ. சுவரில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை ஆணி அடித்து மாட்டியிருக்கிறான். மெத்தை எதைத் தடுத்தாலும் ரயிலைத் தடுக்காது. வண்டி போகும்போது மூவரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம்.

ஆயத்த பீட்டை வாங்கிப் பாடுவதில்லை என்பது தொடக்கத்திலேயே முடிவு. எங்கள் ஊரில் சத்தத்துக்கா பஞ்சம்? போத்தனூர் ஜங்ஷனில் பெட்டிகளைக் கோக்கும்போது விழும் இடி, பொள்ளாச்சிக் களத்தில் தேங்காய் உடைக்கிற சத்தம், ஃபவுண்டரியில் அச்சை விட்டு வார்ப்பைத் தட்டி எடுக்கும் சத்தம் எல்லாவற்றையும் போனிலோ சின்ன ரெக்கார்டரிலோ பிடித்து வருவோம். போத்தனூர்க்காரன் அதை வெட்டி, ஒட்டி, தாளமாக்குவான்.

சென்னையிலிருந்து ஒருமுறை ஒரு கம்பெனிக்காரர் பேசினார். எல்லாம் பிடித்திருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது என்றார். பாட்டில் இந்த 'ங்க' எதற்கு? ராப் என்றால் கெத்தாக இருக்க வேண்டாமா? திட்டுகிற பாட்டில் யாராவது மரியாதை கொடுப்பார்களா? நாங்கள் கொடுப்போம் என்றேன். எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறவர்கூட "கொஞ்சம் வெளிய போயிருங்க" என்று சொல்லித்தான் தள்ளுவார். அந்த மரியாதையைக் கேட்டுப் பயப்படாதவர் கொங்கு நாட்டில் குடியிருந்ததில்லை என்று அர்த்தம். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

எங்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. மற்ற ராப்காரர்கள் எதிரியை மேடையில் திட்டுவார்கள். நாங்கள் எதிரியின் வீட்டுக்கே போய்த் திட்டுவோம். அதுவும் போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போவோம். யாரைப் பற்றிய பாட்டோ அவர் முன்னால் பாடிக் காட்டாமல் வெளியே விடுவதில்லை.

இது ஏதோ உயர்ந்த கொள்கையிலிருந்து வந்ததல்ல, பட்டுத் தெளிந்தது. ஒரு கல்யாண வரவேற்பில் நாங்கள் பாடிக்கொண்டிருந்தபோது பெண்பிள்ளை இப்படியெல்லாம் பாடலாமா என்று மண்டப மேனேஜர் பாதியில் மைக்கை அணைத்துவிட்டார். கொதித்துப்போய் ஒரு பாட்டு எழுதி வெளியிட்டோம். கோயமுத்தூரில் யாரைத் திட்டினாலும் அவர் நமக்குத் தெரிந்த யாருக்காவது சொந்தமாக இருப்பார். இவர் போத்தனூர்க்காரனுடைய தாய்மாமனின் சம்பந்தி. நாங்கள் வழக்கமாக உட்காரும் பேக்கரிக்கே வந்துவிட்டார். "தம்பி, திட்டோணும்னா நேர்ல வந்து திட்டியிருக்கலாமுங்களே. ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு எனக்குக் கடைசியாச் சொல்றீங்க" என்றார். மைக்கை அணைத்தது தப்பில்லை என்றுதான் அப்போதும் சொன்னார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது நியாயம். முதுகுக்குப் பின்னால் பேசுவதைத்தானே சொந்தக்காரர்கள் காலம் காலமாகச் செய்கிறார்கள்? அதையே நாமும் செய்ய எதற்கு மைக்?

சரி, நேரில் போவோம் என்று கிளம்பினால் வேறொரு வம்பு வந்தது. வாய்க்காலை மூடி மனை போட்ட ஒரு பெரிய மனிதர் மேல் பாட்டு எழுதிக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போனோம். "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கறீங்க" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். பிறகு சாப்பாடு. கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பை மாம்பழம். பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் பாடவே இல்லை என்பது உறைத்தது. வயிற்றில் அவர் சோறு இருக்கும்போது வாயில் அந்தப் பாட்டு ஏறவே மாட்டேன் என்கிறது. அந்தப் பாட்டு அங்கேயே செத்தது. "பழம் நெம்பத் தித்திப்புங்க, அதான் எச்சாக் கோவம் வருது" என்றான் கோட்டைமேட்டுக்காரன். அன்றைக்குப் போட்டோம் இரண்டாவது விதியை. பாடிய பிறகுதான் தண்ணீர்.

இனி என் பெரியப்பா கதைக்கு வருகிறேன். அப்பாவின் அண்ணன். கணபதி பக்கம் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கிறார். மகள் பிறந்தபோது பட்டறைக்கு அவள் பெயரையே வைத்தார். பலகையில் அவள் பெயர், கிரைண்டரின் வயிற்றில் ஒட்டும் ஸ்டிக்கரில் அவள் பெயர், சிவப்பும் மஞ்சளுமாக. எங்கள் சொந்தத்தில் அந்தக் கிரைண்டர் இல்லாத வீடு கிடையாது. பிள்ளை மேல் அவ்வளவு பாசம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாசம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அந்த மகள், என் அக்கா, உடன் படித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எங்கள் சாதி இல்லை. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். பெரியப்பா கத்தவில்லை, கை நீட்டவில்லை. பட்டறைப் பலகையைச் சுரண்டச் சொன்னார். அதில் குலதெய்வத்தின் பெயர் ஏறியது. வீட்டில் இருந்த படங்கள் போயின. பிறகு அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. கல்யாண வீடுகளில் கேட்டால் "நமக்கு ஒரே பையனுங்க" என்பார். பழைய வாடிக்கைக்காரர்கள் பட்டறைக்கு வந்து அவள் பெயரைச் சொல்லித்தான் கிரைண்டர் கேட்பார்கள். அவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: "அந்தப் பேர்ல இப்ப வர்றதில்லீங்க."

இதை நான் காதால் கேட்டேன். அம்மாவின் கிரைண்டர் கல்லைக் கொத்த வேண்டும் என்று பட்டறைக்குப் போயிருந்தபோது, உடுமலையிலிருந்து வந்த ஒரு அம்மாளிடம் சிரித்த முகத்தோடு சொன்னார். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு ஆளை இத்தனை நாசூக்காகவும் இல்லாமல் ஆக்க முடியுமா? பஸ்ஸில் வரும்போதே பாட்டின் பல்லவி வந்துவிட்டது. அவர் வார்த்தையேதான் பல்லவி.

எங்கள் வீட்டுச் சமையலறையில் பழைய ஸ்டிக்கரோடு ஒரு கிரைண்டர் இன்னும் ஓடுகிறது. போத்தனூர்க்காரன் ஒரு நாள் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்தான். வெறும் கல் சுற்றுவது, அரிசி விழுவது, மாவு ஏற ஏறச் சத்தம் கனப்பது, நிறுத்தும்போது வரும் முனகல். அம்மா அன்றைக்கு மூன்று வீட்டுக்கு ஆகிற மாதிரி மாவாட்ட வேண்டியதாகிவிட்டது. வேறு எந்தக் கருவியும் அந்தப் பாட்டில் கிடையாது.

விதிப்படி முதலில் அக்காவிடம் பாட வேண்டும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். மூவரும் போனோம், தண்ணீர்கூட வாங்கவில்லை. மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டாள். முடிந்ததும், "என்ற பேரு எங்க?" என்றாள்.

அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று பாட்டில் பெயர் வராமல் எழுதியிருந்தேன். 'அக்கா' என்றுதான் வரும். அதைச் சொன்னேன்.

"எங்கப்பனும் சொல்றதில்ல, நீயும் சொல்றதில்ல. அப்பறம் ரெண்டு பேத்துக்கும் என்ன வித்தியாசம் அம்மணி?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மகளைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "பாட்டு வெளிய வந்தாலுஞ் செரி, வராட்டியுஞ் செரி. அந்த ஊட்டுக்குள்ள என்ற பேரு ஒருக்காச் சத்தமாக் கேக்கோணும். எனக்கு அது போதும்" என்றாள். அழவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பல்லவியைத் திருத்தினோம். "வர்றதில்லீங்க" என்று கோட்டைமேட்டுக்காரன் பாடுவான். உடனே நான் அக்கா பெயரைச் சொல்வேன். அந்தப் பெயர் பாட்டில் இருக்கிறது. இங்கே நான் யார் பெயரையும் எழுதவில்லை, அதனால் அதையும் எழுதவில்லை.

பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "உங்களப் பத்தி ஒரு பாட்டு எழுதியிருக்கறேனுங்க பெரீப்பா. வந்து பாடிக் காட்டோணும்."

"அதுக்கென்ன கண்ணு. ஞாயித்துக்கெழம வா. சாப்பாட்டு நேரத்துக்கே வந்துரு. உன்ற சினேகிதங்களையும் கூட்டிட்டு வா" என்றார்.

பெரியப்பாவுக்கு எல்லாம் தெரியும். மாம்பழக் கதை ஊரே சொல்லிச் சிரித்த கதை. அப்பா என்னிடம், "நீ பாடிப்போட்டு வந்தீன்னா ரெண்டு ஊட்டுக்கும் போக்குவரத்து நின்னுரும், நெனப்புல வெச்சுக்க" என்றார். பாடாதே என்று சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். செருப்பைக் கழற்றும் முன்பே பெரியம்மா சொம்பில் தண்ணீரோடு வந்துவிட்டார். பெரியம்மா அதிகம் பேசுகிறவர் அல்ல. அக்கா போன பிறகு அதுவும் குறைந்துவிட்டது. சொம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறார். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கொடுக்கும் தண்ணீரை வேண்டாம் என்றால் அந்த வீட்டோடு பகை என்று அர்த்தம். எனக்குப் பகை பெரியப்பாவோடு, அந்த அம்மாளோடு அல்ல. வாங்கிக் குடித்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேரும் குடித்தார்கள். விதி வாசலிலேயே போயிற்று.

பிறகென்ன, இலை போட்டார்கள். கோழிக் குழம்பு, பள்ளிபாளையம் வறுவல், அரிசிம்பருப்புச் சாதம், நெய். கோட்டைமேட்டுக்காரனைப் பெரியப்பா தன் பக்கத்திலேயே உட்கார வைத்து, "வெக்கப்படாதீங்க தம்பி, நம்மூடு மாதிரி" என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறச் சொன்னார். யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவார். வாசல் தாண்டி வந்தவர்களை உபசரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தாண்டிப் போனவர்களுக்குத்தான் இடம் இல்லை.

பாதிச் சாப்பாட்டில் தானே பேச்சை எடுத்தார். "பாட்டுப் பாடறேன்னியே கண்ணு. சாப்பிட்டுப்போட்டுச் சித்தெ படுத்து எந்திரிங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம். பெரியவங்க சொல்லியிருக்கறாங்கல்ல, உண்ட ஊட்டுக்கு ரெண்டகம் பண்ணக்கூடாதுன்னு."

போத்தனூர்க்காரன் என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் பழைய மாம்பழம் தெரிந்தது. பெரியப்பா எங்களைச் சோற்றால் அடித்துவிட்டார். இப்போது எழுந்து கைகழுவினால் அக்கா பெயர் அந்த வீட்டில் இனி ஒருநாளும் கேட்காது. ஆனால் சாப்பாட்டைப் பார்த்ததும் இன்னொன்றும் தோன்றியது. இதே இடத்தில், இதே கை பரிமாறியதைச் சாப்பிட்டு வளர்ந்தவள்தானே அவள்?

"உண்டவங்க ஊட்டுக்கு ரெண்டகம் பண்ணக்கூடாதுங்க பெரீப்பா. ஊடு மட்டும் உண்டவங்களுக்குப் பண்ணலாமுங்களா?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் போத்தனூர்க்காரன் இடது கையால் பையிலிருந்த சின்ன ஸ்பீக்கரை அழுத்திவிட்டான். கிரைண்டர் சுற்ற ஆரம்பித்தது. இலையை மூடவில்லை, எழுந்து நிற்கவில்லை, குழம்புக் கையோடு உட்கார்ந்தபடியே பாடினேன்.

"ஏனுங்க, பலகையில இருந்த பேரு எங்கீங்க?
சொரண்டிப் போட்ட பெயிண்டு தரையில கெடக்குதுங்க.
கல்லு சுத்துதுங்க, மாவு பொங்குதுங்க,
பெத்த புள்ள பேரு மட்டும் தொண்டையில தங்குதுங்க."

பல்லவி வந்தது. "அந்தப் பேர்ல இப்ப வர்றதில்லீங்க" என்று கோட்டைமேட்டுக்காரன் பெரியப்பாவைப் பார்த்தே பாடினான். நான் அக்காவின் பெயரைச் சொன்னேன். மேடையில் சொல்வதைவிடச் சத்தமாகச் சொன்னேன். கூடத்தில் அது மோதித் திரும்பியது. ரசக் கரண்டியோடு நின்ற பெரியம்மா அப்படியே நின்றார். மறுபடி பல்லவி, மறுபடி பெயர். இரண்டாம் சரணத்தில், வாசலில் ஒட்டிக்கொண்ட ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டேன்: "தண்ணி குடிச்சேனுங்க, உப்புத் தின்னேனுங்க, இப்பவும் சொல்றேனுங்க." முழுப் பாட்டையும் பாடித்தான் நிறுத்தினேன்.

பெரியப்பா இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, "இது நம்ம கல்லு சத்தமாச்சே?" என்றார்.

"ஆமாங்க. எங்க ஊட்டுக் கிரைண்டருங்க."

"பேரிங் போயிருக்குது. பட்டறைக்குக் குடுத்தனுப்பு, மாத்திக் குடுக்கச் சொல்றேன்."

அவ்வளவுதான். மனிதர் எழுந்து கைகழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே வந்து எனக்கு முன்னால் நின்றார். "பாட்டு நல்லாருக்குதுங்க. இனி நீங்க இந்தப் பக்கம் வர வேண்டாமுங்க" என்றார்.

பிறந்ததிலிருந்து என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவர். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆனால் வருத்தம் இல்லை, இன்றைக்கும் இல்லை. தெருவுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்து, "சொல்லிப்போட்டேன், சத்தமாச் சொல்லிப்போட்டேன்" என்றேன்.

அப்பா சொன்னபடியே போக்குவரத்து நின்றது. பொங்கலுக்கு அங்கிருந்து கரும்பு வரவில்லை. பாட்டை வெளியிடும் வேலையில் இருந்தோம். ஒருநாள் காலை போத்தனூர் மாடியில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் பெரியம்மா. தனியாக டவுன் பஸ் பிடித்து, ஜங்ஷனில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். தலையில் பூ, தோளில் கைப்பை, முகமெல்லாம் வேர்வை. அவர் தனியாகப் பஸ் ஏறி நான் பார்த்ததே இல்லை.

ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கி, குடிக்காமல், பக்கத்தில் வைத்தார்.

"அன்னைக்கு நீ பாடினியே, அதுல அவ பேரு வர்ற எடம் செரியில்ல அம்மணி" என்றார்.

"ஏனுங்க பெரீம்மா, எடுத்துப்போடச் சொல்றீங்களா?"

"எடுக்கச் சொல்லல. நீ சொல்றப்ப கோவமா இருக்குது. அவளக் கூப்படறது அப்படியில்ல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாஞ் சொல்லட்டுமா?"

பெரியப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. தெரியாவிட்டால் தெரியப்போகிறது. அவர் முன்னால் பாட்டைப் பாடியாகிவிட்டது. அந்தக் கூடத்தில் இந்தக் குரலைத் தவிர எல்லாக் குரலையும் அவர் கேட்டுவிட்டார்.

போத்தனூர்க்காரன் ஹெட்போனைப் பூ கசங்காமல் அவர் காதில் வைத்தான். கிரைண்டர் சுற்றுவது கேட்டதும் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். பாலக்காட்டு வண்டி ஒன்று போனது, காத்திருந்தோம். பல்லவி வந்தது. பெரியம்மா மகளைக் கூப்பிட்டார். அடுப்படியிலிருந்து மாடிக்கு, சோறு ஆறுது வா என்று கூப்பிடுகிற குரல் அது. அந்தச் சின்ன அறைக்கு அது கொள்ளவில்லை. திரையில் கோடு சிவப்பைத் தாண்டி ஓடியது.

போத்தனூர்க்காரன் குமிழில் கையை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் மெதுவாச் சொல்றீங்களாங்கம்மா, ஒலி ஒடையுது" என்றான்.

"இத்தன வருசமா மெதுவாத்தான் சாமி சொல்லிட்டிருந்தேன்" என்றார் பெரியம்மா.

அவன் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டான். பெரியம்மா இன்னொரு தடவை கூப்பிட்டார், முன்னைவிடச் சத்தமாக. பிறகு ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.